எந்தத் தண்ணி ஊத்துனீங்க?

வீட்டுத் தொட்டியில் மீனுக்குச் சீக்கு வந்தால் எழுதச் சொல்லி போன இதழில் ரெண்டு வரி போட்டிருந்தாங்க. கடிதம் நிறைய வந்திருக்குது. மீனோட நிறம் எழுதியிருக்கீங்க, மருந்தோட விலை எழுதியிருக்கீங்க, ஒருத்தர் தொட்டி வாங்கின பில்லையே ஒட்டி அனுப்பியிருக்கார். தண்ணி எங்கிருந்து பிடிச்சீங்கன்னு எழுதினவங்க மட்டும் விரல் விட்டு எண்ணற அளவுதான். அதனால பதில் சொல்றப்ப நானே அதைக் கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க.

இன்னொண்ணு. நான் டாக்டர் இல்லீங்க. காங்கயம், தாராபுரம் பக்கம் கால்நடை ஆய்வாளரா இருந்து ஓய்வு வாங்கினவ. இப்ப மகனோட சேர்ந்து தாராபுரத்துல கலர் மீன் கடை வெச்சிருக்கேன். ‘டாக்டர் அம்மா’ன்னு எழுதறவங்க அக்கான்னே எழுதுங்க, போதும்.

கேள்வி: இரண்டடித் தொட்டியில் ஆறு தங்க மீன்கள் வளர்க்கிறேன். மார்கழிக் குளிரில் இரண்டு மீன்களுக்கு வாலிலும் உடம்பிலும் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. கல்லில் போய் உரசிக்கொண்டே இருந்தன. கடையில் கொடுத்த நீல மருந்தை மூன்று நாள் ஊற்றினேன். புள்ளி மறைந்ததும் நிறுத்திவிட்டேன். ஒரே வாரத்தில் ஆறு மீனுக்கும் வந்துவிட்டது. மருந்து போலியா? (பெருந்துறை வாசகர்)

மருந்து போலி இல்லீங்க. மூணே நாள்ல நிறுத்தினதுதான் கோளாறு.

அதுக்கு முன்னாடி புள்ளி எங்க இருக்குதுன்னு பார்க்கோணும். செவுள் மூடி மேலயும், பக்கத் துடுப்போட முதல் முள்ளு மேலயும் மட்டும் வரிசையா இருந்தா அது சீக்கே இல்லை. பருவத்துக்கு வந்த ஆண் தங்க மீனுக்கு அந்த இடத்துல முத்து கட்டும், பொறகு தானா மறையும். இதுக்குப் போய் மருந்து ஊத்தி மீனைச் சாகக் கொடுத்துட்டு கடைக்கு வர்றவங்க உண்டு. உங்க மீனுக்கு வாலு, உடம்பு எல்லா இடத்துலயும் இருக்குது, உரசவும் உரசுது. வெண்புள்ளி சீக்குதான், சந்தேகம் வேண்டாம்.

இதைக் கொண்டு வர்றது ஒரே செல்லால ஆன ஒரு ஒட்டுண்ணி. இக்தியோப்திரியஸ்னு பேரு, கடைக்காரங்க சுருக்கமா ‘இக்’ம்பாங்க. நமக்குத் தெரியற ஒவ்வொரு புள்ளியும், மீனோட தோலுக்கு அடியில உக்காந்து தின்னுட்டிருக்கற ஒரு ஒட்டுண்ணி. ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் வளரும். வளர்ந்ததும் தோலைப் பொத்துக்கிட்டு வெளிய வந்து, அடியில கல்லுல ஒட்டிக்கிட்டு, மேல ஒரு கூடு கட்டிக்கும். அதுக்குள்ள ரெண்டாகும், நாலாகும், எட்டாகும். கடைசியில நூத்துக்கணக்குல குஞ்சு வெளிய வரும். அந்தக் குஞ்சு ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாளுக்குள்ள ஒரு மீனைப் பிடிச்சாகோணும், இல்லீன்னா செத்துரும்.

மருந்தும் சரி, உப்பும் சரி, கொல்றது நீந்திட்டிருக்கற இந்தக் குஞ்சை மட்டும்தான். தோலுக்கு அடியில இருக்கறதையும் கூட்டுக்குள்ள இருக்கறதையும் ஒண்ணும் பண்ணாது. உங்க மீன்ல புள்ளி மறைஞ்சதே மருந்தால இல்லீங்க. அது முத்திக் கீழே விழுந்துருச்சு, அவ்வளவுதான். நீங்க சந்தோசமா பாட்டிலை மூடி வெச்ச நேரத்துல கல்லுக்கு அடியில கூடு வெடிச்சுட்டு இருந்திருக்குது.

அதனால வைத்தியம் கணக்கோட போகோணும். இந்தச் சுத்து முடிய 25 டிகிரி தண்ணியில கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். குளிர்ந்த தண்ணியில வாரக்கணக்குல இழுக்கும். 30 டிகிரிக்குக் கொண்டு போனா மூணு நாலு நாள்ல முடியும். சீக்கிரமா குஞ்சு வெளிய வந்தா சீக்கிரமா நம்ம கையில மாட்டும். ஹீட்டர் போட்டு ஒரு நாளைக்கு ரெண்டு டிகிரிக்கு மேல ஏறாம மெதுவா ஏத்துங்க. தண்ணி சூடாகச் சூடாக அதுல கரையற ஆக்சிஜன் குறையும், அதனால ஏர் பம்ப்ல இன்னொரு காத்துக் கல்லு மாட்டி விடுங்க. சித்திரையில இந்தச் சீக்கு வந்தா நம்மூர்ல ஹீட்டரே தேவைப்படாது.

இப்ப உப்பு. ரெண்டடித் தொட்டின்னா 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். மூணையும் பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 54 லிட்டர். விளிம்பு வரைக்கும் யாரும் ஊத்தறதில்லை, அடியில கல்லு வேற கிடக்குது. 45 லிட்டர்னு வெச்சுக்குங்க. லிட்டருக்கு 2 கிராம் வீதம் 90 கிராம் கல்லுப்பு. சமையல்கட்டுல இருக்கற கல்லுப்பே போதும். ‘அக்வேரியம் சால்ட்’னு பொட்டலம் போட்டு விக்கறதும் அதேதான், நானும் விக்கறேன், ஆனா உண்மையைச் சொல்லோணுமில்ல. ஒரு சொம்புத் தண்ணியில கரைச்சு காலையில, மத்தியானம், பொழுதோடன்னு மூணு பங்கா ஊத்துங்க. கல்லா அப்படியே போட்டா அடியில மேயற மீனுக்கு உடம்பு பொத்துப் போகும். தொட்டியில சக்கர் மீனோ மத்த கெளுத்தி வகையோ இருந்தா பாதி அளவு. செதில் இல்லாததும் அந்த வகையும் உப்பையும் மருந்தையும் தாங்காது.

ஒண்ணு விட்டு ஒரு நாள் குழாய் போட்டு அடிக்கல்லோட சேர்த்து உறிஞ்சி கால் பங்கு தண்ணியை வெளியேத்துங்க. கூடும் கூடவே போகும். புதுசா ஊத்தற 11 லிட்டருக்கு மட்டும் 22 கிராம் உப்பு சேர்க்கோணும். வெயிலுக்கு ஆவியாப் போன தண்ணிக்குப் பதிலா ஊத்தறப்ப உப்பு வேண்டாம், ஏன்னா தண்ணிதான் ஆவியாகும், உப்பு உள்ளயேதான் இருக்கும். பல பேர் இங்கதான் தடுமாறி, ரெண்டு வாரத்துல தொட்டியைக் கடலாக்கிப்புடறாங்க. கடைசிப் புள்ளி மறைஞ்ச பொறகும் முழுசா ஒரு வாரம் தொடருங்க.

நீல மருந்தைப் பத்தி. அது மெத்திலீன் புளூ. பச்சையா ஒண்ணு விப்பாங்க, அது மாலக்கைட் கிரீன். ரெண்டும் துணிச் சாயமா பிறந்ததுதான், திருப்பூர்க்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெத்திலீன் புளூ 1876-ல ஜெர்மனியில ஹைன்ரிஷ் காரோ உண்டாக்கினது. இந்த ‘இக்’ ஒட்டுண்ணிக்கு ஃபூக்கேங்கற பிரெஞ்சுக்காரர் பேரு வெச்சதும் அதே 1876-தான். ஆனா வெண்புள்ளிக்கு நீலம் வலுவான மருந்து இல்லை. தொட்டியோட சிலிக்கான் ஒட்டு நீலமா மாறிரும், பில்டர்ல இருக்கற நல்ல பாக்டீரியாவையும் கெடுக்கும். பூஞ்சை பிடிக்காம இருக்க முட்டைக்குப் போடலாம், தனி வாளியில வெச்சுப் போடலாம். பச்சை வேலை செய்யும், ஆனா அது மனுசனுக்கு நல்லதில்லை. திங்கற மீனுக்கு அதைப் போடக் கூடாதுன்னு பல நாட்டுல தடை. கையுறை இல்லாம தொடாதீங்க. எந்தச் சாய மருந்து ஊத்தினாலும் பில்டர்ல கரி இருந்தா முதல்ல எடுத்துருங்க. இல்லீன்னா மருந்தை மீனுக்கு முன்னாடி கரி குடிச்சுரும்.

நான் உப்பும் சூடும்தான் சொல்லுவேன். ஆறு தங்க மீனுக்கு ரெண்டடித் தொட்டி பத்தாதுங்கறதையும் சேர்த்தே சொல்லிடறேன். ரெண்டு மீனுக்கு வேணா அது சரி.

கேள்வி: புது வீடு குடிபோன கையோடு மூன்றடித் தொட்டி வாங்கி, அன்றைக்கே 20 மீன் விட்டோம். நாலாம் நாளிலிருந்து எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தினம் ஒன்றிரண்டு சாகிறது. அழுக்குதான் காரணம் என்று வாரம் இரண்டு முறை முழுத் தண்ணீரையும் மாற்றி, பில்டர் பஞ்சைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். போர் தண்ணீர்தான். என்ன மருந்து ஊற்றலாம்? (திருப்பூர் வாசகி)

ஒரு மருந்தும் வேண்டாமுங்க. சுத்தம் பண்றதை நிறுத்துங்க.

மீன் போடற கழிவும், தின்னாம மிச்சமாகற தீனியும் அழுகி அமோனியாவாகுது. பழகின தொட்டியில ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் கொஞ்சம் இருந்தா மீன் தாங்கும், முன்னது ரெண்டும் விஷம். அந்த பாக்டீரியா தங்கறது பில்டர் பஞ்சுல. அது குடியேறி பெருக நாலுலிருந்து ஆறு வாரம் ஆகும். நீங்க முதல் நாளே 20 மீனை விட்டுட்டீங்க. அது குடிவர்றப்ப எல்லாம் சோப்புப் போட்டு வெளிய அனுப்பிட்டும் இருக்கீங்க.

போர் தண்ணிங்கறது இன்னொரு சங்கடம். நம்ம பக்கத்து உப்புத் தண்ணிக்கு பெரும்பாலும் பி.எச்., அதாவது தண்ணியோட புளிப்பு-காரத்தைக் காட்டற அளவு, கூட. பி.எச். 7-ல இருந்து 8-க்குப் போனா, அதே அமோனியாவுல விஷமா மாறற பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஏறும். கோயமுத்தூர்ல சிறுவாணித் தண்ணி ஊத்தறவங்க தொட்டியில ஒரு வாரம் தாக்குப் பிடிக்கற தப்பு, உங்க தொட்டியில ஒரே நாள்ல ஆளைக் காட்டிக் குடுத்துரும்.

இப்ப செய்ய வேண்டியது இது. ரெண்டு நாள் தீனி போடாதீங்க. மீன் பட்டினியில சாகாது. தினமும் கால் பங்கு தண்ணி மட்டும் மாத்துங்க. போர் தண்ணியை மோட்டார் போட்ட உடனே ஊத்தாதீங்க. பூமிக்கு அடியில இருந்து வர்ற தண்ணியில ஆக்சிஜன் கம்மி, கரியமில வாயு ஜாஸ்தி. வாளியில பிடிச்சு ஏர் பம்ப் விட்டு ஒரு ராத்திரி வைங்க. நகராட்சித் தண்ணின்னாலும் இதேதான், அங்க குளோரின் போகறதுக்காக. அவசரம்னா ஆன்டி குளோரின் சொட்டு விடலாம். அது பழைய போட்டோ ஸ்டுடியோக்காரங்க வெச்சிருந்த ஹைப்போதான். பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலா அடிக்கற அன்னைக்கு தொட்டிப் பக்கமே அந்தத் தண்ணியைக் கொண்டு போகாதீங்க.

பழைய தொட்டி வெச்சிருக்கற சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா, அவங்க பில்டர் பஞ்சுல பாதியை வெட்டி வாங்கி, ஈரம் காயறதுக்குள்ள உங்க பில்டர்ல திணிச்சுருங்க. தயிருக்கு உறை ஊத்தற மாதிரிதான். ஆனா அவங்க மீனுக்குச் சீக்கு இல்லீன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. இனிமே பஞ்சைக் கழுவோணும்னா, தொட்டியில இருந்து எடுத்த தண்ணியை ஒரு வாளியில பிடிச்சு அதுல நாலு தரம் பிழிஞ்சா போதும். அது வெள்ளையா இருக்கோணும்னு நினைக்காதீங்க.

போர் தண்ணி டி.டி.எஸ்., அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவு, ஆயிரத்தைத் தாண்டுதுன்னா, ஆர்.ஓ. தண்ணியைப் பாதிக்குப் பாதி கலந்துக்கலாம். வெறும் ஆர்.ஓ. தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, அதுல தாது உப்பே இருக்காது, பி.எச். நிக்காது. கலக்கற பங்கை ஒரே நாள்ல மாத்தாம வாரக்கணக்குல மாத்துங்க.

கேள்வி: மோலி மீன்களின் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. நண்பர் சொன்னபடி மருந்துக் கடையில் டெட்ராசைக்ளின் கேப்சூல் வாங்கி, பிரித்துத் தொட்டியில் போட்டேன். தண்ணீர் பழுப்பாகிவிட்டது, மீன் அப்படியேதான் இருக்கிறது. அளவு கூட்டலாமா? (கரூர் வாசகர்)

கூட்டாதீங்க. உங்க தண்ணி எதுன்னு எழுதல, கரூர்னா உப்புத் தண்ணியாத்தான் இருக்கும்னு வெச்சுக்கறேன். டெட்ராசைக்ளின் சுண்ணாம்பும் மக்னீசியமும் இருக்கற தண்ணியில அதுகளோடவே கட்டிக்கிட்டு செயலிழந்து போகும். மாட்டுக்கு இதைக் கொடுத்த காலத்துலயே, பாலோட சேர்த்துக் கொடுக்காதேன்னு எங்களுக்குச் சொல்லுவாங்க. காரணம் இதேதான். வெளிச்சத்துல அது சிதைஞ்சு பழுப்பாகறதைத்தான் நீங்க பார்த்தது. மீனுக்கு ஒண்ணும் போய்ச் சேரல. பில்டர்ல இருந்த பாக்டீரியாவுக்குத்தான் சேதாரம்.

வாயில படிஞ்சதை உத்துப் பாருங்க. நூல் நூலா மெத்துனு வெளிய நீட்டிட்டு இருந்தா பூஞ்சை, காயத்து மேல வர்றது. தட்டையா சாம்பல் வெள்ளையா, ஓரத்துல லேசா மஞ்சள் தட்டி, உதடு அரிச்சுப் போன மாதிரி இருந்தா அது காலம்னாரிஸ்ங்கற பாக்டீரியா சீக்கு. முதுகுத் துடுப்பைச் சுத்தி வெளுத்த பட்டையாவும் வரும். வேகமானது, ரெண்டு மூணு நாள்ல ஆளைக் காலி பண்ணிரும். இதுக்கு வெண்புள்ளிக்குச் சொன்ன மாதிரி சூடு ஏத்தினீங்கன்னா இன்னும் வேகமாப் பரவும். எல்லாத்துக்கும் ஹீட்டர்னு பழகினவங்க இந்த இடத்துலதான் மாட்டிக்குவாங்க.

சீக்கு மீனைத் தனி டப்பாவுக்கு மாத்துங்க. லிட்டருக்கு 3 கிராம் உப்பு, மோலி அதை நல்லாவே தாங்கும், உப்பங்கழியிலயும் வாழற சாதி அது. தண்ணியை 25 டிகிரிக்குப் பக்கத்துல வெச்சு, தினமும் பாதித் தண்ணி மாத்துங்க. ஆன்டிபயாடிக் கொடுத்தே ஆகோணும்னா, மீன் தின்னுட்டு இருக்கறப்பவே தீனியில கலந்து கொடுக்கறதுதான் முறை, அதுக்குக் கால்நடை மருத்துவர் சீட்டு வேணும். தெருமுனை மருந்துக் கடையில சீட்டில்லாம வாங்கறது உங்க வீட்டுக் குழந்தைக்கே நாளைக்குத் தொந்தரவு.

கேள்வி: எங்கள் அம்மாயி, மீனுக்கு என்ன வந்தாலும் ஒரு சிட்டிகை மஞ்சள் பொடி போடச் சொல்கிறார். போடலாமா? (ஈரோடு வாசகர்)

ஈரோட்டுல உக்காந்துக்கிட்டு மஞ்சளை வேண்டாம்னு சொல்ல எனக்குத் தைரியம் வேணும். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின மஞ்சள், சும்மாவா? ஆனா மஞ்சள்ல மருந்தா வேலை செய்யற குர்குமின் தண்ணியில கரையாது. தூள் செவுள்ல படியும், அடியில அழுகும். கடைப் பொடியில நிறத்துக்கு என்ன கலந்திருக்கும்னும் சொல்ல முடியாது. அம்மாயி மனசு நோகாம, குழம்புல ரெண்டு சிட்டிகை கூடப் போடச் சொல்லுங்க.

கேள்வி: உருண்டையான ஒராண்டா மீன் தலைகீழாக மிதக்கிறது. தீனி போட்டால் தட்டுத் தடுமாறி வந்து தின்கிறது. இரண்டு வாரமாக இப்படித்தான். பிழைக்குமா? (பொள்ளாச்சி வாசகி)

தின்னுதுன்னா நம்பிக்கை இருக்குதுங்க. உருண்டை உடம்புத் தங்க மீனையெல்லாம் மனுசன் அழகுக்காக வளைச்சு வளைச்சு உண்டாக்கினது. வயித்துக்குள்ள குடலும் காத்துப்பையும் நெருக்கிக்கிட்டு கிடக்கும். மிதக்கற உருண்டைத் தீனியை மேல வந்து கவ்வறப்ப காத்தையும் சேர்த்து முழுங்குது. உள்ள போன தீனி ஊதுது. குளிர் நாள்ல செரிமானம் இன்னும் மந்தம். மூணும் சேர்ந்தா மல்லாந்துரும்.

மூணு நாள் சுத்தமா தீனி வேண்டாம். குழந்தைங்க பாவம்னு பொரி தூவுவாங்க, கண்ணு வெச்சுக்குங்க. கோயில் தெப்பக்குளத்து மீனு திங்குதுன்னா அது வேற உடம்பு. நாலாம் நாள் ஒரு பச்சைப் பட்டாணியை வேகவெச்சு, தோலை உரிச்சு, நசுக்கி கொஞ்சம் போடுங்க. உப்புப் போட்டு வேகவைக்க வேண்டாம். கழிவு நீளமா வெளிய வந்துச்சுன்னா பாதி குணம். அப்பறம் எப்பவும் முங்கற தீனியா வாங்கி, ரெண்டு நிமிசம் தண்ணியில ஊற வெச்சுப் போடுங்க. வயிறு தண்ணிக்கு வெளிய நின்னு காஞ்சு சிவந்து போச்சுன்னா தண்ணி மட்டத்தைக் குறைக்காதீங்க, மீன் முங்கற ஆழம் இருக்கோணும்.

இத்தனையும் பண்ணி ஒரு மாசத்துல நேராகலைன்னா உள்ளயே கோளாறுன்னு அர்த்தம். கையில தீனி ஊட்டி அப்படியே ரொம்ப நாள் வெச்சிருக்கறவங்களும் உண்டு. அது உங்க இஷ்டம்.

கேள்வி: ஃபைட்டர் மீனை மேசை மேல் ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியில் வைத்திருக்கிறேன். துடுப்பை மடக்கிக்கொண்டு அடியிலேயே கிடக்கிறது. (உடுமலை வாசகர்)

ஃபைட்டர் மேல வந்து காத்தைக் குடிக்கற மீன், அதுக்குன்னு தலையில தனி உறுப்பே இருக்குது. அதனால ஜாடியில சாகாம இருக்குது. அதுக்காக அமோனியா அதைச் சுடாதுன்னு இல்லை. உடுமலைப் பக்கம் மலைக்காத்து இறங்கற ராத்திரியில சின்ன ஜாடித் தண்ணி சீக்கிரம் குளிர்ந்துரும், இதுக்கு 25 டிகிரிக்கு மேல வேணும். பத்து லிட்டர் தொட்டி, சின்ன ஹீட்டர். நாட்டு வாதுமை மரத்துக்கு அடியில தானா காஞ்சு விழுந்த இலை ஒண்ணைக் கழுவிப் போடலாம், தண்ணி டீ நிறத்துக்கு வரும், ஃபைட்டருக்கு அது பிடிக்கும்.

ராத்திரி விளக்கை அணைச்சுட்டு, பக்கவாட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க. உடம்புல தங்கத் தூள் தூவின மாதிரி மினுக்கினா அது வெல்வெட் சீக்கு. அந்தக் கிருமிக்கு வெளிச்சம் வேணும், அதனால ஜாடியைத் துணி போட்டு மூடிட்டு உப்பு வைத்தியம் பண்ணுங்க.

கேள்வி: எட்டு வருடமாக வளர்த்த தங்க மீன். வயிறு வீங்கி, செதில் எல்லாம் எழும்பி நிற்கிறது. ஒரு வாரமாகத் தின்னவில்லை. பிள்ளைகள் அழுகிறார்கள். (நாமக்கல் வாசகர்)

செதில் எழும்பி நிக்குதுன்னா சிறுநீரகம் கைவிட்டு உடம்புல நீர் கோத்துருச்சு. அந்தக் கட்டத்துக்குப் போன மீன்ல பிழைக்கறது ரொம்பக் கொஞ்சம். நல்ல தண்ணி, தனித் தொட்டி, அமைதியான இடம். ரெண்டு நாள் பாருங்க.

மூச்சு வாங்கிட்டு சாஞ்சு கிடந்தா, அதை இழுக்க விடாதீங்க. உயிரோட கழிப்பறையில போடறது, பிரிட்ஜ்ல வைக்கறது எல்லாம் கொடுமை. பல் வலிக்கு வாங்கற கிராம்பு எண்ணெயை ஒரு பாட்டில் வெதுவெதுப்பான தண்ணியில நல்லாக் குலுக்குங்க. மீன் இருக்கற ஒரு லிட்டர் தண்ணியில அதை முதல்ல கொஞ்சமா விட்டா மயங்கும். மயங்கின பொறகு மொத்தம் பத்துப் பன்னெண்டு சொட்டு எண்ணெய் சேர்ற மாதிரி மீதியையும் ஊத்துங்க. செவுள் அசைவு நின்ன பொறகும் அரை மணி நேரம் அப்படியே விட்டுட்டு எடுங்க. பிள்ளைங்களுக்குச் செத்துருச்சுன்னே சொல்லுங்க. எட்டு வருசம் வளர்த்திருக்கீங்க, நல்ல கைதான்.

கேள்வி: தோப்பு வீட்டில் 5000 லிட்டர் சிமென்ட் தொட்டியில் கோய் மீன் விட்டிருக்கிறோம். உடம்பில் வெள்ளை நூல் தொங்குகிறது, அடியில் சிவப்பாகப் புண். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்து இருக்கிறது, அதைக் கொஞ்சம் கலக்கலாமா? (கிணத்துக்கடவு வாசகர்)

ஐயோ, வேண்டாமுங்க! உண்ணி மருந்துல பெரும்பாலும் இருக்கறது டெல்டாமெத்ரினோ சைபர்மெத்ரினோ. மாடு தாங்கும், மீனுக்கு அது கொடிய விஷம். உண்ணி மருந்து அடிச்ச மாட்டை அன்னைக்கே குட்டையில இறக்கிக் கழுவாதீங்கன்னு வேலையில இருந்த காலம் பூரா சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப் போச்சு. அந்த டப்பாவைத் தொட்டி மேட்டுல கூட வைக்காதீங்க.

நூலாட்ட தொங்கறது நங்கூரப் புழு. புழுன்னு பேரே தவிர, இறால் நண்டு வகையைச் சேர்ந்தது. பொட்டைதான் தலையைச் சதைக்குள்ள நங்கூரமாப் பதிச்சுக்கும், வெளிய தொங்கற நுனியில ரெண்டு முட்டைப் பை இருக்கும். மீனை ஈரத் துணியில பிடிச்சு, இடுக்கியால புண்ணுக்கு ஒட்டி அடியில பிடிச்சு நிதானமா இழுங்க. பாதியில அறுந்தா தலை உள்ள தங்கி சீழ் வைக்கும். எடுத்த இடத்துல பொவிடோன் அயோடின் தொட்டு வைங்க, செவுள்ல படாம.

தண்ணியில இருக்கற குஞ்சுக்கு பொட்டாசியம் பெர்மாங்கனேட். ஆயிரம் லிட்டருக்கு 2 கிராம், உங்களுக்கு 10 கிராம். நகைக்கடைத் தராசு மாதிரி சின்னத் தராசுல நிறுத்தே போடுங்க, கண்ணளவு ஆகாது. வாளியில முழுசாக் கரைச்சு, காத்து நல்லா விட்டு, வெயில் ஏறறதுக்கு முன்னாடி தொட்டி பூராவும் பரவலா ஊத்துங்க. ஊதா நிறம் சில மணி நேரம் நிக்கோணும். உடனே பழுப்பாச்சுன்னா அடியில சேறும் அழுக்கும் ஜாஸ்தின்னு அர்த்தம், இன்னொரு தரம் ஊத்தாம முதல்ல அதை வாருங்க. ஃபார்மலின் கலந்த எதோடயும் இதைச் சேர்க்கக் கூடாது. முட்டை பொரிஞ்சு மறுக்கா புழுவாகி ஒட்ட மூணு வாரம் வரைக்கும் ஆகும். அதனால வாரம் ஒரு தரம், மூணு தரம்.

இது வந்தது புதுசா வாங்கி விட்ட மீனோட சேர்ந்துதான் இருக்கும். ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில மாடு பிடிச்சுட்டு வந்தா நேரா தொண்டுப்பட்டியில அடைப்பீங்களா? ரெண்டு வாரம் தனியாத்தான கட்டறீங்க. புது மீனுக்கும் தனியா ஒரு டப்பு, மூணு வாரம். எங்க கடைக்கு வர்ற மீனே பெரும்பாலும் சென்னை கொளத்தூர்ல இருந்து ராத்திரி பூரா பையில குலுங்கி வர்றதுதான். வந்த அன்னைக்கே வித்தா லாபம், நான் விக்கறதில்லை. அதனால எங்ககிட்ட விலை பத்து ரூவா கூட.

தேவையில்லாமப் போன மீனை, குறிப்பா சக்கர் மீனை, வாய்க்கால்லயோ ஏரியிலயோ விடாதீங்க. தமிழ்நாட்டுல எத்தனையோ ஏரியில அது பெருகி வலையைக் கிழிச்சுட்டு கிடக்குது.

கேள்வி: தொட்டி கழுவியபோது விரலில் கல் கீறியது. காயம் ஆறிய இடத்தில் ஒரு முண்டு வந்து மாதக்கணக்கில் போகவில்லை. இப்போது மணிக்கட்டுப் பக்கம் இன்னொன்று. மருக்கு மருந்து போட்டும் கேட்கவில்லை. மீனுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (கோபி வாசகர்)

இருக்கலாமுங்க. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் வைத்தியம் சொல்ல மாட்டேன். மைக்கோபாக்டீரியம் மரினம்னு ஒரு கிருமி, காசநோய்க் கிருமியோட பங்காளி. மீன் தொட்டித் தண்ணியில இருக்கும், கையில இருக்கற கீறல் வழியா உள்ள போகும். விரல்ல இருந்து மேல மேல முண்டு வரிசை கட்டறது அதோட வழக்கம். குணமாகும், ஆனா மாசக்கணக்குல மாத்திரை சாப்பிடோணும். காயத்தோட தொட்டிக்குள்ள கை விடாதீங்க, விடறதுன்னா நீளக் கையுறை. வாயால உறிஞ்சித் தண்ணி இழுக்கற பழக்கம் இருந்தா அதையும் இன்னைக்கே விட்டுருங்க.

தோல் டாக்டர்கிட்டப் போங்க. போனதும் மீன் வளர்க்கறேன்னு நீங்களா வாய் திறந்து சொல்லுங்க. அந்தக் கிருமி 30 டிகிரி வாக்குலதான் நல்லா வளரும், உடம்புச் சூட்டுல வெச்சுப் பரிசோதிச்சா லேப்ல ஒண்ணுமில்லைன்னே வந்துரும். டாக்டர் அதைச் சீட்டுல எழுதினாத்தான் அவங்க சூட்டைக் குறைச்சு வெச்சுப் பார்ப்பாங்க.